லெமுவேலுக்கு வாரிசு இல்லை

மார்ஷ்க்ரீக்
பிப்ரவரி 9, 1986

அன்புள்ள லூவீனியா அக்காவுக்கு,

நானும் ஹோசியாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் கர்த்தர் கிருபையில் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து ஈரத்தரையில் நின்று நின்றுதான் அது வருகிறது என்று நான் சொன்னால் நீ கேட்கவா போகிறாய். க்ளைட் அத்தானுக்கு என் வணக்கம் சொல். போனில் பேசினால் பில்லைப் பார்த்து அவர் கத்துவார் என்பதால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நாங்கள் வீடு வாங்கப் போகிறோம்.

நம் சபை டீக்கன் எஸ்ரா சிசோமின் அண்ணன் லெமுவேல் போன வருடம் இறந்துபோனார். ஓடைக்கரையில் தனிக்கட்டையாக இருந்தாரே, அந்த வீடுதான். கூரை ஒழுகுகிறது, தரை இரண்டு இடத்தில் கால் வைத்தால் உள்ளே போகிறது. ஆனாலும் நாலு அறை, சுற்றிலும் நிலம், பின்னால் தண்ணீர். ஓட்டல்காரர்கள் அந்தக் கரையில் ஒவ்வொரு வீடாக வளைத்துப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, டீக்கன் ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியாளுக்குப் போறதுக்கு நீ எடுத்துக்கோ வெர்னெல். உனக்குன்னா குறைச்சே தர்றேன்" என்றார். ஏன் எனக்கு மட்டும் இந்தச் சலுகை என்று ஹோசியா தலையைச் சொறிகிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் அவர் பேரப்பிள்ளைக்கு நான் கூடுதலாக ஒரு கரண்டி போடுவதால் இருக்கும் என்றேன்.

வங்கி கடன் தருகிறது. எங்கள் சேமிப்பு முழுவதும் முன்பணமாகப் போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டுக்காரன் நினைத்தபோதெல்லாம் "காலி பண்ணு" என்று வந்து நிற்பதைவிடப் பெரிய பயமா இது?

உன் வாழ்த்து வேண்டும்.

அன்புத் தங்கை,
வெர்னெல்

பிலடெல்பியா
மார்ச் 16, 1986

அன்புள்ள வெர்னெலுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. வேலை அதிகம். க்ளைட்டுக்கும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

வீடு வாங்குவது நல்லதுதான். ஆனால் அந்த வீடுதான் வேண்டுமா? ஊரில் வேறு வீடே இல்லையா? ஓடைக்கரை ஈரம் பிள்ளைகள் நெஞ்சுக்கு ஆகாது. புயல் வந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது அங்கேதான். நன்றாக யோசி.

யோசித்தும் அதுதான் வேண்டும் என்றால், நான் சொல்வதைக் கேள். கிரயத்தன்று மேசையில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பார். அவர் வங்கிக்கு வக்கீல், உனக்கல்ல. உனக்கென்று ஒருவரை வைத்துக்கொள். பழைய பத்திரங்களை அவர் தோண்டிப் பார்க்கட்டும். பிறகு, வீட்டின் உரிமைக்கு ஒரு காப்பீடு உண்டு. யாராவது பின்னால் வந்து "இது என் வீடு" என்றால் அந்தக் கம்பெனி உனக்காக வழக்காடும், தோற்றால் நஷ்டத்தைக் கொடுக்கும். அதை வங்கி தனக்காக ஒன்று எடுக்கும். அது வங்கிக்கு மட்டும். உனக்குத் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை கட்டினால் போதும். கஞ்சத்தனம் பார்க்காதே. இங்கே என்னோடு வேலை பார்க்கிற ஒருத்திக்கு இப்படித்தான் வீடு கைவிட்டுப் போனது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்ற அத்திமரம் இன்னும் இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா?

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் அக்கா,
லூவீனியா

மார்ஷ்க்ரீக்
ஏப்ரல் 20, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தானுக்கு என்ன உடம்பு என்று நீ எழுதவில்லையே. அவர் வேலை பார்க்கிற கப்பல் பட்டறையில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டேன். அவருக்கு ஒன்றுமில்லையே?

கிரயம் முடிந்துவிட்டது! சாவி என் ஏப்ரன் பாக்கெட்டில் இருக்கிறது.

நீ திட்டுவாய் என்று தெரியும், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தனி வக்கீல் வைக்கவில்லை. டீக்கன் எஸ்ரா அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். அவர் எதிரே ஒரு வக்கீலைக் கொண்டுபோய் உட்கார வைத்தால், "ஐயா, நீங்க பொய்யர், உங்களைப் பிடிக்க ஆள் கூட்டிவந்திருக்கேன்" என்று சொன்ன மாதிரி ஆகாதா? மறுவாரம் சபையில் எந்த முகத்தோடு அவர் கையிலிருந்து திருவிருந்துத் தட்டை வாங்குவேன்?

மேசையில் வங்கி வக்கீல் டீக்கனைச் சத்தியம் பண்ணச் சொல்லி, இறந்தவருக்கு மனைவி மக்கள் உண்டா என்று கேட்டார். டீக்கன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி, "லெமுவேலுக்கு வாரிசு இல்ல. நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அங்கே இருந்த குமாஸ்தாப் பெண் என்னிடம் திரும்பி, இது வங்கிக்கான காப்பீடு, கட்டாயம், உங்களுக்கென்று ஒன்று எடுத்துக்கொள்கிறீர்களா என்றாள். உன் பேச்சு ஞாபகம் வந்தது. வாயெடுத்தும் விட்டேன். ஆனால் அவர் அப்போதுதான் சத்தியம் பண்ணியிருக்கிறார், பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. எனக்கு முகமெல்லாம் சுட்டது. "வேணாம்மா, எங்க டீக்கன் சொன்னா சொன்னதுதான்" என்றேன். சொன்ன பிறகு டீக்கன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மனுஷனுக்குக் கூச்சம் போல.

காப்பீட்டில் மிச்சமான காசில் கூரைத் தகடு வாங்கப் போகிறோம். அத்திமரம் நன்றாக இருக்கிறது. ஆமாம், நீ எப்போது அந்த வீட்டுக்குப் போனாய்? லெமுவேல் யாரையும் வாசற்படி ஏறவிடாத ஆள் என்றல்லவா ஊர் சொல்கிறது.

அன்புடன்,
வெர்னெல்

பிலடெல்பியா
மே 18, 1986

அன்புள்ள வெர்னெலுக்கு,

உன் புது வீட்டைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. நீ சந்தோஷமாக எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன். டீக்கன் கையெழுத்துப் போட்ட தாளில் வாரிசு இல்லை என்று எழுதியே இருந்ததா? அப்போது வேறு யார் யார் இருந்தார்கள்? யாராவது ஏதாவது எதிர்த்துக் கேட்டார்களா?

இப்போதுகூடக் காலம் கடந்துவிடவில்லை. காப்பீட்டை இப்போதும் எடுக்க முடியுமா என்று விசாரி. உடனே விசாரி. டீக்கன் முன்னால் கேட்க வேண்டியதில்லை, நீ மட்டும் போய்க் கேள். சபைக்காரர்களிடம் அந்த வீட்டைப் பற்றி அதிகம் பேசாதே.

சின்னவளுக்கு இருமல் என்றாயே, தேனும் எலுமிச்சையும் கொடு.

அக்கா,
லூவீனியா

மார்ஷ்க்ரீக்
ஜூலை 13, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளுக்கு இருமல் என்று நான் எழுதவே இல்லையே! சலவைக்கூடத்து ஆவியில் உன் மூளை வெந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சுகம். வீட்டுக்குள் குடியேறிவிட்டோம்.

கூரை முடிந்தது. தரைக்கு ஹோசியாவும் படகுத்துறை நண்பர்களும் மூன்று வாரம் ஆணி அடித்தார்கள். நான் அவர்களுக்கு இறாலும் வெண்டைக்காய்க் குழம்பும் சோறுமாக ஆக்கிப் போட்டு இளைத்துவிட்டேன். "தரை போட்டதுக்குச் செலவு குறைவு, இவனுங்க தின்னதுக்குத்தான் கடன் வாங்கணும்" என்று ஹோசியா சொல்கிறார். காப்பீட்டைப் பற்றி விசாரிக்க நேரமே கிடைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டாலிவர் என்று ஒரு ஆள் ஊருக்குள் சுற்றுகிறார். வெளுத்த சூட்டு, பழைய கார். செத்தவர்களின் தொலைந்துபோன வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் உரிமையைச் சொற்ப விலைக்கு எழுதி வாங்கி, ஓட்டல்காரர்களுக்கு விற்பதுதான் அவருக்குப் பிழைப்பாம். அவர் பக்கத்து வீட்டம்மாவிடம் லெமுவேலைப் பற்றி விசாரித்திருக்கிறார். இளவயதில் அவரோடு ஒரு பெண் இருந்தாளே, அவள் என்ன ஆனாள் என்று.

அந்தம்மாவுக்குக் காது மந்தம், ஏதோ உளறியிருப்பாள். இருந்தாலும் நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வரி எழுது அக்கா. ஒன்றும் இல்லை, பயப்படாதே என்று எழுது.

வெர்னெல்

மார்ஷ்க்ரீக்
ஆகஸ்ட் 24, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? நான் எழுதி ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. போன் செய்தேன், அத்தான் எடுத்தார். நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்துவிட்டார். பகலில் அவர் ஏன் வீட்டில் இருக்கிறார்?

டாலிவர் என் வாசலுக்கே வந்துவிட்டார். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். நல்ல வேலை செய்திருக்கிறீர்களே என்று புதுத் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். லெமுவேல் சிசோம் பக்கத்து மாவட்டத்துக் கோர்ட்டில் முறைப்படி கல்யாணம் செய்தவராம். பெண்ணின் பெயர் பதிவுப் புத்தகத்தில் தண்ணீர் பட்டு அழிந்திருக்கிறதாம், ஆனால் கல்யாணம் நடந்தது நிச்சயம். ஒரு மகளும் பிறந்திருக்கிறாள். "அந்தப் பொண்ணு உயிரோட இருக்காம்மா. வடக்கே எங்கியோ இருக்கா. நான் கண்டுபிடிச்சுடுவேன், அது என் தொழில். அவ ஒரு கையெழுத்துப் போட்டா இந்த வீடு உங்களுது இல்ல." இதைக் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே டவுனுக்குப் போய் வேலி என்கிற வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மகள் இருந்தால் தம்பிக்கு ஒன்றுமே சேராதாம். டீக்கன் விற்றது தன்னிடம் இல்லாததை. வங்கிக்குப் பயமில்லை, காப்பீட்டுக் கம்பெனி வங்கியின் பாக்கியைக் கொடுத்துவிடும். எங்கள் முன்பணம், கூரை, தரை, அதற்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை. டீக்கன்மேல் வழக்குப் போடலாம், ஆனால் வந்த பணத்தை அவர் மனைவியின் வைத்தியத்துக்கு எப்போதோ கரைத்துவிட்டார். வில்லங்கம் தெரிந்த பிறகு இனி எந்தக் கம்பெனியும் எனக்குக் காப்பீடு விற்காது. "அன்னிக்கு மேசையில ஒரு 'சரி' சொல்லியிருந்தா இப்ப நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றார். உன் கடிதத்தையே அவர் படிக்கிற மாதிரி இருந்தது.

யார் அக்கா அவள்? முகம் தெரியாத ஒருத்தி எங்கோ இருந்துகொண்டு என் பிள்ளைகள் தலைக்கு மேலிருக்கிற கூரையைப் பிடுங்கப் போகிறாள். அப்பன் உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காதவள், செத்ததும் சொத்துக்கு வருவாள். அவளைப் பெற்றவள் எப்படிப்பட்ட பெண்ணாக இருப்பாள்? கட்டினவனை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள்தானே. அவள் புத்திதானே மகளுக்கும் வரும்.

கார் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன். எழுது.

வெர்னெல்

பிலடெல்பியா
செப்டம்பர் 14, 1986

வெர்னெலுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அந்த ஆளிடம் பேசாதே, வீட்டுக்குள் விடாதே. வங்கித் தவணையை ஒரு மாதமும் நிறுத்தாதே. வீட்டில் இனி ஒரு காசும் போடாதே. வக்கீலம்மாவை விட்டுவிடாதே.

அந்தப் பெண்ணைப் பெற்றவளைப் பற்றி இனிமேல் அப்படி எழுதாதே. உனக்குத் தெரியாது.

லூவீனியா

மார்ஷ்க்ரீக்
அக்டோபர் 19, 1986

அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஹோசியா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் நேற்று மேசையில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து வருடச் சேமிப்பு அக்கா. பெரியவள் என்னிடம் வந்து, "நம்ம சாமானை மறுபடியும் பெட்டியில வைக்கணுமா?" என்று கேட்கிறாள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா. ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் தாய்க்காக மட்டும் உனக்கு ரோஷம் வருகிறது.

போன சனிக்கிழமை சபைக் கூடத்துக்குப் பின்னால் டீக்கன் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். போய் நேராகவே நின்றுவிட்டேன்.

"டீக்கன் ஐயா, உங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியா?"

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். "ஆச்சும்மா."

"பிள்ளை?"

"ஒரு பொண்ணு."

"அப்புறம் ஏன் வேதத்து மேல கைவச்சு இல்லன்னீங்க?"

"அது வீட்டைக் கேட்டு ஒருநாளும் வராதுன்னு எனக்குத் தெரியும். அந்த ஓட்டல்காரனுங்க கையில போறதுக்கு உன் கையில இருந்தா, போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்துலயாவது போகுமேன்னு பார்த்தேன். பணமும் தேவையா இருந்துச்சு. தப்புத்தான்."

"அவ எங்க இருக்கா, சொல்லுங்க."

"அதை என் வாயால கேக்காதம்மா. உங்க அக்காவைக் கேளு."

டீக்கன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். பிறகு அவர் உள்ளே போய்விட்டார்.

அக்கா, நான் இப்போது என்ன நினைக்கிறேன் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீயே எழுது.

வெர்னெல்

பிலடெல்பியா
நவம்பர் 9, 1986

என் அன்புத் தங்கைக்கு,

நீ நினைப்பது சரி. அந்தப் பெண் நான்தான்.

அம்மா பதினேழு வயதில் லெமுவேல் சிசோமைக் கட்டினாள். மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தாள். அவர் குடிப்பார், அடிப்பார். ஒருமுறை அடித்ததில் அம்மாவின் தாடை விலகிவிட்டது. கடைசிவரை அவள் ஒரு பக்கமாகவே மென்று தின்றாளே, நாம் பல்வலி என்று நினைத்திருந்தோமே, அதுதான். என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு, எவனோ ஒருவன் படகில் ஓடையைத் தாண்டிப் போனாள். இரண்டு வருடம் கழித்து அப்பா அவளைச் சபையில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். எனக்குத் தன் பெயரைக் கொடுத்தார். நீ பிறந்தாய். நாம் ஊருக்குத் திரும்பி வந்தபோது பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். அப்பா மேல் இருந்த மரியாதையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருமுறை அம்மா என்னை அந்த வீட்டு வேலிவரை கூட்டிக்கொண்டு போய், ஜன்னலையும் அத்திமரத்தையும் காட்டிச் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

ஏன் என்று கேட்பாய். லெமுவேல் விவாகரத்துக் கொடுக்கவே இல்லை. அம்மா கேட்டு ஆள் அனுப்பியும் கொடுக்கவில்லை. அப்படியானால் அப்பாவோடு நடந்த கல்யாணம் சட்டத்துக்கு முன்னால் கல்யாணமே இல்லை. நான் லெமுவேலின் மகள் என்று கோர்ட்டில் நின்று சொன்னால், நீ யார் என்பதையும் அதே கோர்ட்டில் எழுதிவிடுவார்கள். அப்பா அம்மா கல்யாணப் படத்தை முன்னறையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறவள் நீ. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். நான் பேசாமல் இருந்துவிட்டால் வீடு உன்னோடேயே இருந்துவிடும் என்று நம்பினேன். அந்த மனிதரின் சொத்தில் ஒரு செங்கல்கூட எனக்கு வேண்டாம் என்றும் இருந்தது.

டாலிவர் ஆகஸ்டிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று தடவை வந்துவிட்டார். அவர் கொண்டுவந்த பத்திரம் என் சமையலறை மேசையில் கிடக்கிறது. க்ளைட்டுக்கு மே மாதத்திலேயே வேலை போய்விட்டது. நீ கேட்டபோதெல்லாம் மறைத்தேன். வாடகை பாக்கி. "கையெழுத்துப் போடு, உன் தங்கச்சிக்கும் கொஞ்சம் குடுத்துடலாம்" என்கிறார் க்ளைட். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே, பயந்துபோயிருக்கிறார். நான் இன்னும் பேனாவைத் தொடவில்லை.

இங்கே இலவசமாக ஆலோசனை சொல்கிற ஒரு வக்கீலைப் பார்த்தேன். நான் உனக்கு எழுதிக் கொடுக்கலாமாம். ஆனால் நான் வாரிசு என்று முதலில் கோர்ட் சொல்ல வேண்டும், அப்போதுதான் என் கையெழுத்துக்கு மதிப்பு. அதாவது எல்லாவற்றையும் சபையே கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.

வீடா, பெயரா என்று உனக்காக நான் முடிவு செய்ய மாட்டேன். இவ்வளவு நாள் உனக்காக நான் முடிவு செய்ததில் வந்ததுதான் இது. நீ சொல்.

லூவீனியா

மார்ஷ்க்ரீக்
டிசம்பர் 14, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தையும் அத்தான் சுகத்தையும் கேட்கிறேன். இந்தத் தடவை மறைக்காமல் எழுது.

ஒரு மாதம் எழுத முடியவில்லை. முதல் வாரம் உன்மேல் கோபம். பிறகு அம்மா மேல். பிறகு ஆகஸ்டில் நான் எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. பெற்ற தாயைப் பற்றி என் கையாலேயே என்னென்ன எழுதி உனக்கே அனுப்பியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. தயவுசெய்து.

கல்யாணப் படத்தை இறக்கி வைத்தேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் மாட்டிவிட்டேன். அதில் இருப்பவர் நம் இரண்டு பேருக்கும் செருப்பு வாங்கிக் கொடுத்தவர், எனக்கு ஜுரம் என்றால் தூக்கிக்கொண்டு நடந்தவர். கோர்ட் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நீ வந்து உரக்கச் சொல். சபையில் பேசுவார்கள், ஒரு மாதம் பேசுவார்கள், பிறகு வேறு யார் வீட்டிலாவது ஏதாவது நடக்கும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் அதுவும் உள்ளே கிடந்து அழுகும். போன மாதம்வரை முகம் தெரியாத ஒருத்தியை நினைத்துப் பயந்தேன். இப்போது உன்னை நினைத்துப் பயப்படுகிறேன். உங்கள் மேசையில் கிடக்கிற அந்தப் பத்திரத்தை நினைத்துப் பயப்படுகிறேன். அத்தானின் கஷ்டத்தை நினைத்தால் நீ கையெழுத்துப் போட்டாலும் உன்னைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

வேலியம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நானே வக்கீலா இருக்க முடியாது. உங்க அக்காவுக்கு அவங்க பக்கத்தை மட்டும் பாக்கிற ஒருத்தர் வேணும். நீங்க என்ன கேக்கறீங்களோ அதை வேணாம்னு சொல்லக்கூட அவர் தயாரா இருக்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் சரி. நீ ஒரு நல்ல வக்கீலை வைத்துக்கொள். அவர் கையெழுத்துப் போடாதே என்றால் போடாதே. என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேள். உன் எதிரே உட்கார்ந்து எனக்கு முகம் சுட்டாலும் சுடட்டும்.

பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள்.

தங்கை,
வெர்னெல்

பிலடெல்பியா
ஜனவரி 11, 1987

என் அன்பு வெர்னெலுக்கு,

சுகமாக இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. க்ளைட் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, ஆனால் நேற்று பஸ் டிக்கெட் வாங்க அவர்தான் வரிசையில் நின்றார். டாலிவரின் பத்திரத்தை இரண்டாகக் கிழித்து, அவர் முன்னாலேயே அடுப்பில் போட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்று கார்டு வைத்துவிட்டுப் போனார். அதையும் போட்டேன்.

அடுத்த மாதம் கோர்ட் தேதி. உன் ஊர் வக்கீல் ஒருவரை இங்கே ஆலோசனை சொன்னவர்களே பிடித்துக்கொடுத்தார்கள். போனில் பேசினேன். சின்னப் பையன்தான், ஆனால் வாய் இருக்கிறது. வீட்டைச் சும்மா எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும், "அம்மா, உங்களுக்கு அறுபது வயசு ஆகும்போது தலை சாய்க்க இடம் இருக்கா?" என்று கேட்டார். அப்புறம் அவர் சொன்னதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. தங்கையிடம் போய் நிபந்தனை போடுவதா என்று இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. ஆனால் நீ டீக்கன் எதிரே வெட்கப்பட்டாய், நான் உன் எதிரே வெட்கப்பட்டேன், அம்மா ஊர் எதிரே வெட்கப்பட்டாள். போதும்.

வீடு உன் பேரில் இருக்கட்டும். எனக்கு அதில் ஒரு அறை வேண்டும், நான் சாகும்வரை. "அக்காதானே, எப்ப வேணும்னாலும் வந்து இருந்துட்டுப் போ" என்று வாயால் சொல்லாதே. பத்திரத்தில் எழுது. நாளைக்கு ஹோசியாவுக்கோ உன் மருமகன்களுக்கோ என் முகம் பிடிக்காமல் போகலாம். உன் வக்கீலம்மா அதைப் படித்துப் பார்க்கட்டும், என் வக்கீல் பையனும் படித்துப் பார்க்கட்டும்.

பெரிய அறை எதுவும் வேண்டாம். சமையலறையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை இருக்குமே, அது போதும். நான் பிறந்தது அதில்தான்.

உன் அக்கா,
லூவீனியா